இம்ப்ளாண்ட் பல்லைச் சுற்றிச் சீழ்: மாத்திரையை நிறுத்தினால் திரும்ப வருகிறது

கேள்வி
அம்மாவுக்கு 62 வயது, சுகர் உண்டு. கீழ்க் கடைவாயில் நான்கு வருடம் முன்பு இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் ஸ்க்ரூ பதித்து, அதன்மேல் கேப் மாட்டும் செயற்கைப் பல்) வைத்தோம். இப்போது பல் துலக்கினால் அந்த இடத்தில் ரத்தம் வருகிறது. ஈறை விரலால் அழுத்தினால் சீழ் எட்டிப்பார்க்கிறது. வலியும் இல்லை, ஆட்டமும் இல்லை. ஆன்டிபயாடிக் போட்டால் அடங்குகிறது, அப்புறம் பழையபடிதான். கழற்றிவிடச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில் 1 (ஈறு சிகிச்சை டாக்டர்)
ஆடாத இம்ப்ளாண்டை அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். அதே சமயம், வலி இல்லையே என்று தள்ளியும் போடாதீர்கள். இம்ப்ளாண்ட் எலும்போடு நேராகப் பிணைந்திருப்பதால், மேல் பகுதியில் எலும்பு கரைந்தாலும் அடியில் மிச்சமிருப்பது அதை அசையாமல் பிடித்துக்கொள்ளும்.

கேப் மாட்டியபோது எடுத்த எக்ஸ்ரேயையும் இப்போது புதிதாக எடுப்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எலும்பு குறையவில்லை என்றால் ஈறில் மட்டும்தான் அழற்சி. சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகும். குறைந்திருந்தால் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ், அதாவது அழற்சி எலும்பையும் கரைக்கிறது என்று அர்த்தம்.

மாத்திரை போட்டும் சீழ் ஏன் நிற்கவில்லை? கிருமிகள் ஸ்க்ரூவின் சொரசொரப்பில் படலமாக ஒட்டிக்கிடக்கின்றன. அதைச் சுரண்டி எடுக்காமல் மருந்து மட்டும் போதாது. ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பின் 2023 வழிகாட்டியும், ஆபரேஷன் இல்லாமல் சுத்தம் செய்யும் கட்டத்தில் ஆன்டிபயாடிக் மாத்திரையை வழக்கமாகச் சேர்க்க வேண்டாம் என்கிறது. டைட்டானியம் கருவியாலோ அல்ட்ராசோனிக் (அதிர்வில் சுத்தம் செய்யும்) கருவியாலோ சுத்தம் செய்து, 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி அளப்போம். ஈறுக் குழி (ஈறுக்கும் இம்ப்ளாண்டுக்கும் இடையே உள்ள பள்ளத்தின் ஆழம்) 5 மில்லிமீட்டருக்குள் வந்து சீழும் நின்றிருந்தால் தொடர் பராமரிப்பு போதும். இல்லையென்றால் ஈறைத் திறந்து சுத்தம் செய்வோம். எலும்புக் குழியின் வடிவம் பொருந்தினால் எலும்புத்தூளும் வைப்போம். சுகர் கட்டுப்பாட்டில் இல்லாமல் இதெல்லாம் நிலைக்காது, எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள்.

பதில் 2
கேப் சிமெண்ட் போட்டு ஒட்டியதா என்று கேளுங்க. என் அண்ணனுக்கு ஈறுக்குள் அரிசி நொய் அளவு சிமெண்ட் தங்கியிருந்தது. எடுத்த பிறகுதான் சீழ் நின்றது.

கேட்டவர்
மிக்க நன்றி டாக்டர். சிமெண்ட் கேப்தான், அதையும் கேட்கிறேன். வீட்டில் அம்மா ஃப்ளாஸ் போடலாமா?

பதில் 1
இடைப்பல் பிரஷ் நல்லது, நடுக்கம்பி பிளாஸ்டிக் பூச்சு உள்ளதாக வாங்குங்கள். ஸ்க்ரூ ஈறுக்கு வெளியே தெரிந்தால் ஃப்ளாஸ் வேண்டாம். நார் பிய்ந்து அதில் சிக்கிக்கொண்டால் அழற்சி இன்னும் கூடும்.