தடுப்புக்கு அந்தப் பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள்: கப்பல் பால்கனி அனுபவங்கள்

சொகுசுக் கப்பலில் பால்கனி அறை எடுக்கிறவர்கள் பெரும்பாலும் கடலைத் தனியாக உட்கார்ந்து பார்க்கத்தான் எடுக்கிறோம். அந்தத் தனிமை எவ்வளவு மெல்லியது என்பது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது. இரண்டு பால்கனிகளுக்கு நடுவில் இருப்பது சுவர் இல்லை, ஒரு தடுப்புப் பலகை. அதன் கீழே இடைவெளி இருக்கும், பல கப்பல்களில் மேலேயும் இருக்கும். பக்கத்து அறைக்காரர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகும் சத்தம்கூட இந்தப் பக்கம் கேட்கும்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். விடிகிற நேரம், கப்பல் துறைமுகத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. துறைமுக வழிகாட்டியைக் கூட்டி வரும் பைலட் படகு பக்கத்தில் ஒட்டி வர, கரையின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைய, பால்கனிக்குக் கொடுத்த காசுக்கு முழுப் பலன் கிடைப்பது அந்த ஒரு மணி நேரத்தில்தான். அப்போது பக்கத்துப் பால்கனியில் வீடியோ கால் ஆரம்பித்தது. ஸ்பீக்கரில். அந்தப் பக்கம் ஒரு குடும்பமே கூடிப் பேசுகிறது, இந்தப் பக்கம் இவர் கடலைக் காட்டி உரக்க விளக்குகிறார். முன்பெல்லாம் கப்பல் இணையத்தில் ஒரு படம் அனுப்புவதே பெரும்பாடு. 2022-க்குப் பிறகு ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம் பல கப்பல்களுக்கு வந்துவிட்டதால் வீடியோ கால் சர்வசாதாரணமாகிவிட்டது.

என் கணவர் எழுந்து தடுப்பை ஒட்டி நின்றார். தலையை நீட்டி எட்டிப் பார்க்கவில்லை, அது அவர்களுடைய இடம். “காலை வணக்கம். நாங்கள் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம். நீங்கள் பேசுவது முழுவதும் கேட்கிறது” என்று மட்டும் சொன்னார். உடனே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார் மனிதர். சாயங்காலம் லிஃப்டில் பார்த்தபோது, “அவ்வளவு தூரம் கேட்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது” என்றார். அவர் முகத்தைப் பார்த்தபோது அது உண்மை என்று பட்டது.

தெரிந்தே செய்கிறவர்கள் குறைவு என்றுதான் நான் நம்புகிறேன். நீங்கள் சந்தித்ததையும் கீழே எழுதுங்கள்.

*

தெரியாமல் செய்வது என்று எல்லாவற்றையும் விட்டுவிட முடியாது. நான் புகையைச் சொல்கிறேன்.

கப்பல் போய்க்கொண்டிருக்கும்போது காற்று முன்னாலிருந்து பின்னால் அடிக்கும். ஒருவர் பால்கனியில் பற்றவைத்தால் அவர் மூக்குக்குப் புகை போகாது, அவருக்குப் பின்னால் இருக்கும் வரிசை அறைகளுக்கும் மேல்தளத்துக்கும் போகும். எங்களுக்கு முன்னால் இரண்டு அறை தள்ளி இருந்தவர் தினமும் இரவு இதைச் செய்தார். அந்தக் கப்பலில் பால்கனியில் புகைக்கவே அனுமதி இல்லை. அறையில் இருக்கும் அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, ஏறியதும் காட்டும் பாதுகாப்பு வீடியோவிலும் சொல்கிறார்கள். என் மனைவிக்கு ஆஸ்துமா. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தோம்.

இதை வெறும் நாற்றப் பிரச்சினையாகப் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2006 மார்ச் 23-ஆம் தேதி அதிகாலையில், ஜமைக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் ஒரு பால்கனியில் தீப்பிடித்தது. நிமிடக் கணக்கில் மேல்தளங்களுக்கு ஏறியது. பயணி ஒருவர் இறந்தார், பலர் புகையில் மூச்சுத் திணறிச் சிகிச்சை பெற்றார்கள். விசாரித்த பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு, யாரோ வீசிய சிகரெட் துண்டுதான் பெரும்பாலும் காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று சொன்னது. அது பால்கனியில் கிடந்து புகைந்து, பிறகு பற்றியிருக்கிறது. தடுப்புப் பலகைகள் பாலிகார்பனேட், தரையில் பாலியூரிதேன், நாற்காலிகள் பிளாஸ்டிக். தீ ஒரு பால்கனியிலிருந்து அடுத்ததற்குத் தாவ வேறு என்ன வேண்டும்? அந்தப் பால்கனிகளில் தீயறியும் கருவியும் கிடையாது, தண்ணீர் தெளிக்கும் அமைப்பும் கிடையாது. அதன் பிறகுதான் சர்வதேச விதிகள் மாறி, 2008 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தன: தடுப்புகள் எரியாத பொருளில் இருக்க வேண்டும், எரியக்கூடிய சாமான் உள்ள பால்கனிகளில் தீயறியும் கருவியும் நீர் தெளிப்பானும் இருக்க வேண்டும். ராயல் கரீபியன், கார்னிவல் போன்ற நிறுவனங்கள் 2014-ல் பால்கனியில் புகைப்பதையே தடை செய்தன.

வீசிய துண்டு நேராகக் கடலுக்குப் போய்விடும் என்று நினைக்கிறார்கள். போகாது. காற்று அதைச் சுழற்றிக் கீழே எங்காவது ஒரு பால்கனிக்குள் கொண்டுவந்து போடும். அங்கே ஒரு குளியல் துண்டு காய்ந்துகொண்டிருக்கலாம், ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருக்கலாம். எனக்கு இதில் சமாதானம் பேச மனம் வரவில்லை. வரவேற்பு மேசைக்குப் போன் செய்தேன், பாதுகாப்பு ஊழியர் வந்து பார்த்தார், மறுநாளிலிருந்து நின்றது.

*

எங்களுக்கு மேலே இருந்தவர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டே இருந்தார்கள். தூக்கி வைக்க மாட்டார்கள், இழுப்பார்கள். இரவு ஒரு மணிக்குத் தலைக்கு மேல் இரும்புத் தளத்தில் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று கீழே படுத்தவர்களுக்குத்தான் தெரியும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: நாற்காலியைத் தூக்கி வையுங்கள்.

*

நான் பல வருடம் கப்பலில் கேபின் ஸ்டீவர்டாக, அதாவது பயணிகளின் அறைகளைப் பராமரிப்பவனாக, வேலை பார்த்தவன். இதையெல்லாம் உள்ளிருந்து பார்த்ததால் சில விஷயங்கள் சொல்கிறேன்.

கதவிலிருந்து ஆரம்பிக்கிறேன். பால்கனிக் கதவைத் திறந்தே போட்டுவிட்டு வெளியே உட்காருகிறவர்கள் நிறைய. பல கப்பல்களில் கதவு திறந்திருந்தால் அந்த அறையின் ஏசி தானாக நின்றுவிடும். நிற்காத கப்பல்களில் ஈரக் காற்று உள்ளே புகுந்து சுவரெல்லாம் வியர்க்கும். இன்னும் மோசம், பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது யாராவது நடைவழிப் பக்கக் கதவைத் திறப்பது. காற்று ஊடுருவி அந்தக் கனமான கதவை அறைந்து சாத்தும். நடைவழி முழுக்க அதிரும். விரல் நசுங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒன்றைச் சாத்திவிட்டு மற்றதைத் திறங்கள்.

அடுத்தது கைப்பிடிக் கம்பியில் துணி காயப்போடுவது. நீச்சலுடை, துண்டு எல்லாம் பறக்கும். கடலில் விழுந்தால் குப்பை, கீழ்ப் பால்கனியில் விழுந்தால் அவர்களுக்கு அதிர்ச்சி. குளியலறையில் இழுத்துக் கட்டும் கயிறு பெரும்பாலான கப்பல்களில் உண்டு, அது அதற்குத்தான். கோப்பையில் மிச்சமிருப்பதை வெளியே ஊற்றுவதும் அப்படியே. ஊற்றியவருக்கு ஒரு துளியும் தெறிக்காது. கீழே இருப்பவர் அறைக்கு நான் துடைக்கப் போவேன்.

கடலில் எதையும் எறியக் கூடாது என்பது வெறும் கப்பல் ஒழுங்கு மட்டும் இல்லை. கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் ஐந்தாம் இணைப்பு பிளாஸ்டிக்கைக் கடலில் கொட்டுவதை 1988 கடைசியிலேயே தடை செய்துவிட்டது. 2013 முதல் அநேகமாக எல்லாக் குப்பைக்கும் தடை. பக்கவாட்டில் கேமரா இருக்கிறது. கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜின் இரு சிறகுகளும் கப்பலின் அகலத்தைத் தாண்டி நீண்டிருப்பதால் அங்கே நிற்கும் அதிகாரிகளுக்குப் பால்கனி வரிசை முழுவதும் கண்ணுக்குத் தெரியும். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துப் பால்கனியில் உடை மாற்றுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன். துறைமுகத்தில் பக்கத்தில் நிற்கும் இன்னொரு கப்பலின் பால்கனிகளும் நேர் எதிரே இருக்கும்.

விளக்கைப் பற்றி யாரும் எழுதவில்லை. கப்பலின் முன்முகப்பில் இருக்கும் அறைகளுக்கு இரவில் திரையை மூடச் சொல்லி அறிவிப்பு வைப்போம். வெளிச்சம் முன்னால் விழுந்தால் பிரிட்ஜில் இருப்பவர்களுக்கு இருட்டில் கடல் சரியாகத் தெரியாது. மற்ற பால்கனிகளில் அப்படிக் கட்டாயம் இல்லை. ஆனாலும் நடுக்கடலில் நட்சத்திரம் பார்க்க ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்துப் பால்கனி விளக்கு விடிய விடிய எரிந்தால் அவர் என்ன பார்ப்பார்?

*

அலாஸ்காவின் கிளேசியர் பே நினைவுக்கு வந்தது. அந்தத் தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பயணிகள் கப்பல்களுக்கு மேல் விடுவதில்லை. பூங்கா ரேஞ்சர்கள் கப்பலில் ஏறி, ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்கிறார்கள். மார்ஜரி பனிப்பாறைக்கு முன்னால் கப்பல் நின்று, இரண்டு பக்கத்தவரும் பார்க்கும்படி மெதுவாகத் திரும்பும். பனி உடைந்து விழுவதை முதலில் கண் பார்க்கும், சத்தம் கொஞ்சம் தாமதித்து வந்து சேரும். அந்தச் சத்தத்துக்காகத்தான் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் இருந்தவர் ரேஞ்சரின் விளக்கம் அறை டிவியிலும் வருகிறது என்று கண்டுபிடித்து, கதவைத் திறந்துவைத்து முழு சத்தத்தில் வைத்துவிட்டார். மேலே திறந்த தளத்தில் கேட்கும் குரல் ஒரு நொடி முன்னால், இவர் டிவி ஒரு நொடி பின்னால். இரண்டும் புரியவில்லை, பனி உடையும் சத்தமும் போயிற்று. என் அம்மா அந்த ஒரு காட்சிக்காகவே பல வருடம் காசு சேர்த்தவர். கப்பல் திரும்பிப் பனிப்பாறை எதிர்ப் பக்கம் போகிற வரை டிவி ஓடிக்கொண்டே இருந்தது. நான் இரண்டு முறை சொன்னேன். “என் அறை, என் டிவி” என்று பதில் வந்தது. அவ்வளவு தூரம் வந்து அம்மாவுக்கு அது கிடைக்காமல் போனது இன்னும் எனக்கு ஆறவில்லை.

*

முதலில் எழுதிய சகோதரிக்கு: தடுப்பு வழியாகப் பேசுவது உங்களுக்குச் சரியாக வந்தது, மகிழ்ச்சி. நான் தனியாகப் பயணம் செய்கிறவள். பக்கத்தில் நான்கு பேர் இரவெல்லாம் குடித்துப் பாடிக்கொண்டிருந்தபோது, அங்கே ஒரு பெண் தனியாக இருக்கிறாள் என்று என் குரலே அவர்களுக்குச் சொல்லிவிடும். நான் வாய் திறக்கவில்லை. வரவேற்பு மேசைக்குப் போன் செய்து, யார் புகார் செய்தது என்று சொல்ல வேண்டாம் என்றேன். பாதுகாப்பு ஊழியர்கள் நடைவழியில் வழக்கமாகச் சுற்றுவது போல வந்து கதவைத் தட்டினார்கள். இரண்டாவது முறை வந்தபோது அமைதியானது. நேரில் பேசாதவர்கள் கோழைகள் என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது தவறு. கப்பலை விட்டு இறங்கும் வரை அதே நடைவழியில்தான் நான் போய்வர வேண்டும்.

*

குழந்தைகளோடு போகிறவர்கள் சார்பில் நான் எழுதுகிறேன். நாங்கள் அண்ணன் தம்பி இரண்டு குடும்பம், அடுத்தடுத்த அறைகள். ஸ்டீவர்டிடம் கேட்டதும் சாவி போட்டு நடுத் தடுப்பைத் திறந்துவிட்டார். நீளமான ஒரே பால்கனி. பிள்ளைகளுக்கு அது ஓடுபாதை ஆகிவிட்டது. முதல் நாள் மதியமே இந்தப் பக்கக் கடைசி அறையிலிருந்த வயதான தம்பதி தூங்க முடியாமல் வெளியே வந்து நின்றார்கள். திட்டவில்லை. “எந்த நேரம் விளையாடுவார்கள் என்று சொன்னால் நாங்கள் அப்போது மேலே நடக்கப் போய்விடுவோம்” என்று அந்தப் பாட்டி கேட்டார். அதைக் கேட்டபின் எங்களால் பிள்ளைகளை அங்கே ஓடவிட முடியுமா? நீச்சல்குளத்துக்குக் கூட்டிப் போனோம். அவர்கள் இறங்கும்வரை என் மகள் அவர்களைப் பாட்டி தாத்தா என்றே கூப்பிட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்கத் துறைமுகங்களில் பயணிகளை ஏற்றி இறக்கும் பெரிய கப்பல்களில் கைப்பிடிக் கம்பி 42 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று 2010-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பெரியவர்களுக்கு அது பாதுகாப்பான உயரம். நாற்காலியைக் கம்பியோடு சேர்த்துப் போட்டால் அந்த உயரத்துக்கு அர்த்தமே இல்லை, குழந்தை ஏறிவிடும். நாற்காலியும் சிறு மேசையும் எப்போதும் கண்ணாடிக் கதவுப் பக்கம் இருக்கட்டும். அடுத்த பால்கனியில் ஒரு குழந்தை நாற்காலியில் ஏறி நிற்பதைப் பார்த்தால் தயங்காமல் குரல் கொடுங்கள். எட்டிப் பார்க்கக் கூடாது என்ற ஒழுங்கு அந்த நேரத்துக்கு இல்லை.

*

பின்பகுதிப் பால்கனிகளைப் பற்றியும் சொல்கிறேன். கப்பல் கிழித்துப் போகும் வெள்ளைத் தடத்தைப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் பல கப்பல்களில் அவை படிப்படியாக இறங்கும். மேல்தளத்தில் நிற்பவருக்குக் கீழ்ப் பால்கனியில் பாதி தெரியும். 2009-ல் வந்த ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ் போன்ற கப்பல்களில் சில பால்கனிகள் கடலைப் பார்க்காமல் கப்பலுக்கு உள்ளே இருக்கும் பூங்காவைப் பார்த்து இருக்கும், எதிர் வரிசைப் பால்கனியும் நேராகத் தெரியும். இப்படிப்பட்ட இடங்களில் கேமராவை எங்கே திருப்புகிறோம் என்று கொஞ்சம் கவனிக்க வேண்டும். என் மனைவி தூங்கிக்கொண்டிருந்தபோது மேலிருந்து ஒருவர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். கடலைத்தான் எடுத்தேன் என்றார். அழிக்கச் சொன்னேன், அழித்தார்.

*

அடுத்த மாதம் அப்பாவோடு முதல் தடவை போகிறோம். அவருக்கு நுரையீரல் பிரச்சினை இருக்கிறது. மேலே புகையைப் பற்றிப் படித்ததும் பயமாக இருக்கிறது. பால்கனி அறையை மாற்றிவிடலாமா?

*

மாற்ற வேண்டாம் தம்பி. ஸ்டீவர்டாக இருந்தவன் என்று மேலே எழுதியது நான்தான். நிறுவனத்தின் இணையதளத்தில் புகை விதியைப் பார்த்து, பால்கனியில் தடை இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு டெக் வரைபடத்தில் புகைக்க அனுமதித்த திறந்தவெளி எந்தப் பக்கம் என்று பாருங்கள். பெரும்பாலும் கப்பலின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்திருப்பார்கள். அதற்கு எதிர்ப் பக்கத்தில், அந்த இடத்தைவிட முன்னால் தள்ளி அறை இருந்தால் காற்று உங்களுக்குச் சாதகம். ஏறிய அன்றே உங்கள் ஸ்டீவர்டிடம் அப்பாவின் நிலையைச் சொல்லி வையுங்கள். புகை வந்தால் நீங்கள் யார் கதவையும் தட்ட வேண்டியதில்லை, அவரிடம் நேரத்தையும் எந்தத் திசை என்பதையும் சொன்னால் போதும். அந்த வரிசையில் எந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.