ஆங்கிலத்தின் மிகைச் சொற்கள் நம் ஊரில் பட்ட பாடு: உங்கள் அனுபவம் என்ன?

காவேரிப்பட்டணத்துக்காரி:

இதை எழுதாமல் மனம் ஆறாது. அமெரிக்காவிலிருந்து அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். கே.ஆர்.பி. அணையைச் சுற்றிவிட்டு நல்ல வெயிலில் திரும்பியவன், செருப்பைக் கழற்றும்போதே "ஐ ஆம் ஸ்டார்விங் டு டெத்" என்றான். அம்மா அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் 'டெத்' தெரியும். அப்பா இறந்தபோது சான்றிதழுக்காக அலைந்ததில் காதில் ஏறிய சொல். கோல் அப்படியே நின்றுவிட்டது. "பசி என்கிறான் அம்மா" என்றேன். "பசிக்கு எதற்குச் சாவைக் கூப்பிடுகிறான்?" என்று கேட்டுவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார். மழை பொய்த்த வருடங்களில் கூழுக்கே வழியில்லாமல் வளர்ந்தவர் அவர். பையன் மேல் குற்றமில்லை, அங்கே அது சாதாரணப் பேச்சு. ஆனாலும் அந்த முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை.

போச்சம்பள்ளிக் கணக்கர்:

மாங்கூழ் ஏற்றுமதி செய்யும் ஓர் இடத்தில் கணக்கு எழுதுகிறேன். நாம் பெங்களூரா என்பதை வெளிநாட்டார் தோத்தாபுரி என்பார்கள். அந்தக் கூழின் மாதிரியை அனுப்பியிருந்தோம். அமெரிக்காவிலிருந்து பதில்: 'அப்சல்யூட்லி அமேசிங்', 'வி ஆர் த்ரில்ட்'. முதலாளி மண்டியிலேயே என்னை வாசிக்கச் சொன்னார், நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். "பரவசம் என்றா எழுதியிருக்கிறான்? இன்னொரு முறை படி" என்றார். சுற்றி நின்ற வியாபாரிகளைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு! அன்றே கூடுதல் காய்க்கு முன்பணம் கொடுத்தார். ஆர்டர் வரவேயில்லை. அதே பருவத்தில் இங்கிலாந்துக்காரர் ஒருவர் 'நாட் பேட் அட் ஆல்', அதாவது மோசமே இல்லை என்று ஒரே வரி எழுதினார். முதலாளி அதை ஒதுக்கித் தள்ளினார். கன்டெய்னர் போனது அந்த மனிதருக்குத்தான்.

பென்னாகரம் ஆசிரியை:

காவேரிப்பட்டணத்துச் சகோதரி, ஆங்கிலத்தின் மேல் பழி போட வேண்டாம். நாமும்தான் 'பசி உயிர் போகிறது' என்கிறோம். நம் தகடூர் அதியமானைப் பற்றி ஔவையார் பகைவரிடம் என்ன சொன்னார்? ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் பாடுபட்டு ஒரே ஒரு சக்கரம் செய்தால் எப்படியோ அப்படிப்பட்டவன் என்றார். இதைவிட மிகை உண்டா?

என்னை உறுத்துவது வேறு. ஆங்கிலத் தேர்வில் 'ஹைபர்போலி'க்கு, அதாவது மிகைப்படுத்திச் சொல்வதற்கு, எடுத்துக்காட்டு கேட்டிருந்தார்கள். ஊட்டமலையில் பரிசல் ஓட்டுபவரின் மகன், 'ஒகேனக்கல் இஸ் த நயாகரா ஆஃப் இந்தியா' என்று எழுதியிருந்தான். திருத்தியவர் சிவப்பு மையால் குறுக்கே அடித்துச் சுழியம் போட்டுவிட்டார். வழிகாட்டி நூலில் இருந்தது, பசிக்கு ஒரு குதிரையையே தின்பேன் என்ற வாக்கியம். பையன் தாளை என்னிடம் நீட்டி, "டீச்சர், நயாகரா இதைவிட ரொம்பப் பெரியதுதானே? அப்படியென்றால் நான் எழுதியது மிகைதானே?" என்று கேட்டான். அவனுக்காக வாதாடினேன். மதிப்பெண் கிடைக்கவில்லை.

ஓசூர் பயிற்சியாளர்:

என் கதை சிறியது. நேர்காணலில் ஒரு பெண் 'ஐ லிட்டரலி டைட்', அதாவது உள்ளபடியே செத்துப்போனேன் என்றாள். எதிரே இருந்தவர் சிரித்தார், அவள் அதற்குமேல் வாயே திறக்கவில்லை.

எல்லோருக்கும் சில சொல்ல வேண்டும். 'லிட்டரலி' என்றால் உள்ளபடியே. அதை மிகைக்கு வழங்குவதும் புதிதல்ல, ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 1769ஆம் ஆண்டிலிருந்தே சான்று காட்டுகிறது. அந்தப் பொருளை அகராதி ஏற்றதற்காக 2013இல் ஆங்கிலப் பத்திரிகைகளில் பெரிய சண்டையே நடந்தது. இருந்தாலும் நேர்காணலில் தவிர்த்துவிடுங்கள். 'டெரிஃபிக்' ஒரு காலத்தில் அச்சமூட்டுவது, இன்று பாராட்டு. புழங்கப் புழங்க இந்தச் சொற்கள் தேய்ந்துவிடுகின்றன. போச்சம்பள்ளி நண்பரே, அமெரிக்கக் கடிதம் வந்தால் பெயரடைகளை எல்லாம் அடித்துவிட்டு, எடை, விலை, தேதி மிஞ்சுகிறதா என்று பாருங்கள். இங்கிலாந்து நீதிமன்றமே அப்படித்தான் பார்த்தது. 1892இல் தீர்ப்பான கார்லில் வழக்கில், தங்கள் மருந்தைப் பயன்படுத்தியும் காய்ச்சல் வந்தால் 100 பவுண்டு தருவதாகவும், அதற்காக வங்கியில் 1,000 பவுண்டு போட்டிருப்பதாகவும் விளம்பரம் செய்த கம்பெனி, எல்லாம் வெறும் விளம்பரப் பேச்சு என்று நழுவப் பார்த்தது. பணம் போட்டதாகச் சொன்ன பிறகு அது வெறும் பேச்சல்ல என்று நீதிபதிகள் கொடுக்க வைத்தார்கள். ஆசிரியை அவர்களே, நயாகரா உருவகம். திருத்தியவர் செய்தது சரியே.

பென்னாகரம் ஆசிரியை:

உருவகமாக இருந்தால் மிகையாக இருக்கக் கூடாது என்று எந்த இலக்கணம் சொல்கிறது? ஒகேனக்கல் சுமார் 20 மீட்டர் உயரம். நயாகராவின் குதிரைலாட அருவி 50 மீட்டருக்கும் மேல். தினமும் அருவிச் சத்தத்தில் கண் விழிக்கிற பிள்ளை சொந்தமாக யோசித்து எழுதியதற்கு அரை மதிப்பெண்ணாவது தந்திருக்க வேண்டும்.

போச்சம்பள்ளிக் கணக்கர்:

பயிற்சியாளர் சொன்னபடி அந்தப் பழைய அஞ்சலை எடுத்துப் பார்த்தேன். எடை இல்லை, விலை இல்லை, தேதியும் இல்லை. இந்தப் பருவத்துக்கு வேறோர் அமெரிக்கக் கம்பெனி மாதிரி கேட்டிருக்கிறது. காய் வாங்கக் கிளம்பும் முன் முதலாளியிடம் இதைக் காட்டப் போகிறேன்.