பெண் ஊராட்சித் தலைவருக்கு மிரட்டல், கையெழுத்துத் தடை, போலிப் படம்: முதல் நாளே என்னென்ன செய்து வைக்க வேண்டும்?

வேம்படி:
அனைவருக்கும் வணக்கம். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் நிற்கப்போகும் பெண்களுக்காக ஒரு சிறு கையேடு தயாரிக்கிறோம். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கி 2016-ல் சட்டம் வந்துவிட்டது. வேட்புமனு, செலவுக் கணக்கு எல்லாவற்றுக்கும் வழிகாட்டி கிடைக்கிறது. ஜெயித்துப் பதவியேற்ற மறுநாள் தொடங்குகிற கொடுமைகளுக்குத்தான் தமிழில் உருப்படியாக ஒன்றும் இல்லை.

அதிகம் கேட்கப்படுவது நான்கு விஷயம். துணைத்தலைவர் பில்லில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிப்பது. கூட்டத்தில் நாற்காலி தராமல், கொடியேற்ற விடாமல், அலுவலகச் சாவியைத் தராமல் அவமானப்படுத்துவது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஆபாசமாக ஒட்டுவேலை செய்த படத்தைப் போடுவது. கடைசியில் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவை (தலைவரைப் பதவி நீக்கம் செய்யும் பிரிவு) காட்டி ராஜினாமா செய்யச் சொல்வது. புகார் கொடுத்தும் பல இடங்களில் ஒன்றும் நகர்வதில்லை. எந்த இடத்தில் பிசகுகிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாமிரபரணிக்கரை:
பிசகு பெரும்பாலும் புகார் எழுதும் விதத்திலேயே இருக்கிறது. "துணைத்தலைவர் என்னை மதிப்பதில்லை, பணி செய்ய விடுவதில்லை, தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்" என்று எழுதினால் அது மனு. அதற்கு சி.எஸ்.ஆர். ரசீது (மனு வந்ததற்கான ஒப்புகை மட்டும்) கொடுத்து, இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி அனுப்பிவிடுவார்கள். புகார் இப்படி இருக்க வேண்டும்: "12-ஆம் தேதி காலை 11.20 மணிக்கு, ஊராட்சி அலுவலகக் கூட்ட அறையில், 3-ஆவது, 5-ஆவது வார்டு உறுப்பினர்களும் ஊராட்சி செயலரும் இருக்கும்போது, நான் உட்காரப்போன நாற்காலியை இன்னார் இழுத்துவிட்டு, இன்ன வார்த்தை சொல்லி, கீழே உட்காரச் சொன்னார். அதனால் பொருள் எண் 4 முதல் 7 வரை கூட்டத்தில் எடுக்க முடியவில்லை." சொன்ன வார்த்தை எவ்வளவு கேவலமாக இருந்தாலும் அப்படியே எழுத வேண்டும். கூச்சப்பட்டு "தகாத வார்த்தை" என்று எழுதினால் வழக்கின் உயிரே போய்விடும்.

தலைவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியாக இருந்து, செய்தவர் அப்படி இல்லை என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். எல்லோரும் சாதிப் பெயர் சொல்லித் திட்டியதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்கான 3(1)(ஆர்), 3(1)(எஸ்) இரண்டுக்கும் பொதுமக்கள் பார்வையில் நடந்தது என்று காட்ட வேண்டும். நான்கு சுவருக்குள் நடந்தது என்று எதிர்த்தரப்பு வாதிடும். 3(1)(எம்) வேறு. ஊராட்சி உறுப்பினரையோ தலைவரையோ அவரது வழக்கமான பணியைச் செய்யவிடாமல் மிரட்டுவது, தடுப்பது, கட்டாயப்படுத்துவதே அங்கே குற்றம். பொதுப்பார்வை நிபந்தனை கிடையாது. 2015 திருத்தத்தில் வந்த பிரிவு இது, நம் மக்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது. ஆனாலும் முதல் தகவல் அறிக்கைகளில் இதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். புகாரிலேயே பிரிவைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை. புகாரில் இரு தரப்புச் சமூகத்தையும் எழுதி, தலைவரின் சாதிச் சான்று நகலை இணையுங்கள். இதை விட்டால் பின்னால் வழக்கை ரத்து செய்யக் கேட்பவருக்கு வசதியாகிவிடும்.

2018-ல் சேர்த்த 18ஏ பிரிவின்படி இந்தச் சட்டத்தில் வழக்குப் பதிய முன் விசாரணை தேவையில்லை. "விசாரித்துவிட்டுப் போடுகிறோம்" என்று நிலையத்தில் சொன்னால் அன்றே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் டெலிவரி விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் நீதிமன்றம். கடமையை வேண்டுமென்றே செய்யாத அதிகாரி மேல் 4-ஆவது பிரிவு இருக்கிறது என்பதையும் மனுவில் ஒரு வரி போடலாம். பதிவான பின் விசாரிப்பது டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியாக இருக்க வேண்டும், 60 நாளில் குற்றப்பத்திரிகை போக வேண்டும். எதிரி ஜாமீன் கேட்டால் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் தர வேண்டும் என்பது 15ஏ-யில் உள்ள உரிமை. அந்த அறிவிப்பு வந்தால் போய் நின்று ஆட்சேபிக்க வேண்டும்.

மற்ற சமூகப் பெண் தலைவர்களுக்கு பாரதிய நியாய சன்ஹிதாதான் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது). பொது ஊழியரைத் தாக்கிப் பணியைத் தடுத்தால் 132, பெண்மையை அவமதிக்கும் சொல், சைகைக்கு 79, மிரட்டலுக்கு 351. இதில் ஒன்று கவனிக்க வேண்டும். "உன் நடத்தையைப் பற்றி ஊர் முழுக்கப் பரப்பிடுவேன்" என்பது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. பெண்ணின் நடத்தைக்குக் களங்கம் கற்பிப்பேன் என்ற மிரட்டலுக்கு 351(3)-ல் 7 ஆண்டு வரை தண்டனை உண்டு.

கணக்கு நோட்டு:
பணம் பற்றி நான் சொல்கிறேன். ஊராட்சி நிதியை எடுக்கத் தலைவர், துணைத்தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். ஆன்லைன் பட்டுவாடா வந்தபிறகு அது இரண்டு பேரின் டிஜிட்டல் கையொப்ப டோக்கனாக மாறியிருக்கிறது. தடுப்பவர் நாற்காலியை இழுக்கக்கூடத் தேவையில்லை. டோக்கனைச் செருகாமல் இருந்தாலே போதும். மோட்டார் ஆபரேட்டருக்குச் சம்பளம் போகாது, மின்கட்டணம் நிற்கும், தெருவிளக்கு எரியாது. ஒரே மாதத்தில் "பொம்பளை தலைவராயிட்டா இப்படித்தான்" என்று ஊரே பேசும். இது நிர்வாகத் தகராறு போலத் தெரிவதால் யாரும் வன்முறை என்று எழுதுவதில்லை.

செய்ய வேண்டியது: நிலுவையில் நிற்கும் ஒவ்வொரு வவுச்சருக்கும் எண், யாருக்கு, எவ்வளவு, தலைவர் ஒப்புதல் கொடுத்த தேதி, துணைத்தலைவர் பார்வைக்கு வைத்த தேதி என்று ஒரு பட்டியல். அதோடு துணைத்தலைவருக்கு ஒரு கடிதம்: ஆட்சேபணை இருந்தால் எழுத்தில் காரணம் சொல்லுங்கள் என்று. வாங்க மறுத்தால் வீட்டு முகவரிக்குத் தபாலில் போகட்டும். நகல் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் (கிராம ஊராட்சி), மாவட்ட ஆட்சியருக்கும். அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் இதையே ஒரு பொருளாக வைத்து, அவர் சொல்லும் பதிலை மினிட் புத்தகத்தில் ஏற்றுங்கள். பேசாமல் இருந்தால் "பதில் சொல்லவில்லை" என்று ஏற்றுங்கள். கான்ட்ராக்டை இன்னாருக்குக் கொடு என்பதுதான் உள்ளே இருக்கும் விலை என்றால் அது எப்படியும் வெளியே வரும்.

ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர் என்பதால் மனு அவருக்குப் போகும்போது வேண்டுவதைத் தெளிவாகக் கேளுங்கள். பொத்தாம் பொதுவாக "நிர்வாகம் முடங்கிவிட்டது" என்று எழுதினால், ஊராட்சிகள் சட்டத்தின் 203-ஆவது பிரிவில் இரண்டு பேர் அதிகாரத்தையுமே எடுத்து அதிகாரியிடம் கொடுத்துவிட வாய்ப்பு இருக்கிறது. எதிர்த்தரப்பு ஆசைப்படுவதும் அதைத்தான். அதனால் "இந்த இந்த வவுச்சருக்கு, காரணம் சொல்லாமல், இத்தனை நாளாகத் துணைத்தலைவர் ஒப்புதல் தரவில்லை, அவர் மீது நடவடிக்கை வேண்டும்" என்றே எழுத வேண்டும்.

டோக்கன் பற்றி இன்னும் ஒன்று. பல இடங்களில் தலைவியின் டோக்கனும் பின் நம்பரும் வேறு யாரோ ஒருவர் மேஜை டிராயரில் கிடக்கும். பதிவு செய்யும்போது கொடுத்த போன் நம்பர்கூட அவருடையதாக இருக்காது. அவருக்குத் தெரியாமல் போகும் ஒவ்வொரு பட்டுவாடாவும் சட்டப்படி அவர் போட்டதுதான். இரண்டு வருஷம் கழித்து நிதி முறைகேடு என்று 205 நோட்டீஸ் வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் அவர். டோக்கன் கையில் இல்லை என்று தெரிந்த அன்றே அதை ரத்து செய்து, தன் சொந்த எண்ணில் புதிதாகப் பதிந்து தரும்படி வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுத வேண்டும். வெற்றுக் காசோலையிலும் வெற்று மினிட் பக்கத்திலும் கையெழுத்து வேண்டவே வேண்டாம். கூட்டம் முடிந்ததும் கடைசித் தீர்மானத்துக்குக் கீழே உள்ள வெற்றிடத்தைக் கோடிட்டு அடித்துவிட்டுக் கையெழுத்து, உடனே பக்கத்தைப் போட்டோ.

205 வந்தால் பயந்து ராஜினாமா கொடுக்கக் கூடாது. ஆட்சியர் குற்றச்சாட்டுகளைக் குறிப்பிட்டு விளக்கம் கேட்க வேண்டும், பிறகு தாசில்தார் கூட்டம் கூட்டி உறுப்பினர்கள் கருத்தைக் கேட்க வேண்டும், அதற்குப் பிறகுதான் முடிவு. ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியே, வவுச்சர் எண், தீர்மான எண்ணோடு பதில் கொடுங்கள். மேலே சொன்ன பட்டியல் அப்போதுதான் கைகொடுக்கும். 2024 நவம்பரில் சத்தீஸ்கரின் ஜஷ்பூர் மாவட்டத்தில் கட்டுமானத் தாமதத்தைச் சாக்காக வைத்து நீக்கப்பட்ட ஒரு இளம் பெண் ஊராட்சித் தலைவரை உச்ச நீதிமன்றம் மீண்டும் பதவியில் அமர்த்தி, மாநில அரசு அவருக்கு 1 லட்ச ரூபாய் தரவும் உத்தரவிட்டது. உயர் நீதிமன்ற வக்கீலிடம் போகும்போது அந்தத் தீர்ப்பைக் கேட்டு வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள்.

விளக்குத்தூண்:
படம் விஷயத்தில் அவசரமாக இரண்டு தப்பு நடக்கிறது. ஒன்று, ஆத்திரத்தில் குழுவை விட்டு வெளியேறுவது. இரண்டு, போட்டவரைக் கூப்பிட்டுச் சண்டை போடுவது. அவர் உடனே எல்லோருக்குமாக அழித்துவிடுவார். வாட்ஸ்அப்பில் இரண்டு நாளுக்கு மேலாக அந்த வசதி இருக்கிறது. அதனால் முதலில் பதிவு, பிறகுதான் கோபம்.

ஸ்கிரீன்ஷாட்டில் "மாரி அண்ணன்" என்று சேமித்த பெயர் மட்டும் தெரிந்தால் பயனில்லை. அந்தப் பெயரைத் தொட்டு, போன் நம்பர் தெரியும் பக்கத்தையும் எடுங்கள். குழுவின் பெயர், அட்மின்கள், உறுப்பினர் பட்டியல், செய்தி வந்த தேதி, மணி, அதன் மேலே "ஃபார்வர்டு" குறி இருக்கிறதா, கீழே யார் யார் சிரிப்புக் குறி போட்டார்கள் எல்லாம் வேண்டும். இன்னொரு போனால் திரையை மேலிருந்து கீழாக நகர்த்தி வீடியோவும் எடுங்கள். சாட்டை மீடியாவோடு ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுவேலைக்கு எடுத்த அசல் படம் எது என்று தெரிந்தால் (பெரும்பாலும் தேர்தல் நோட்டீஸ் படம் அல்லது பதவியேற்பு படம்) அதையும் பக்கத்தில் வையுங்கள். போலி என்று காட்ட அது ஒன்றே போதும். படம் வந்த போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ கூடாது. நீதிமன்றத்தில் மின்னணு ஆவணத்துக்குப் பாரதிய சாட்சிய அதினியம் 63(4)-ன் சான்றிதழ் வேண்டும். முன்பு பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்றார்களே அதுதான், இப்போது ஹாஷ் எண்ணும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) எழுத வேண்டும், இரண்டாம் பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும்.

பதிவு முடிந்ததும் வாட்ஸ்அப்பிலேயே அந்தச் செய்தியை ரிப்போர்ட் செய்யுங்கள். சைபர் கிரைம் தேசியத் தளத்தில் புகார். 1930 என்பது முதன்மையாகப் பண மோசடிக்கான எண், அதில் காத்திருந்து நேரத்தை விட வேண்டாம். முகநூல், இன்ஸ்டாகிராமில் வந்திருந்தால் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ எழுத வேண்டும்: நிர்வாணப் படமோ மார்பிங் படமோ என்றால் 24 மணி நேரத்தில் முடக்க வேண்டும் என்று 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளிலேயே வந்தது, 2026 பிப்ரவரியில் அதை 2 மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். வழக்குக்கு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ, அதோடு மேலே நண்பர் சொன்ன 79. சாதி குறித்த வரியும் படத்தோடு வந்திருந்தால் அதைத் தனியாக எடுத்துக் காட்டி எழுதுங்கள்.

வேம்படி:
மிகவும் நன்றி. இன்னும் இரண்டு. வீட்டு ஆண்களே தலைவர் நாற்காலியில் உட்காருவதை எப்படிச் சொல்வது? உயிருக்கு ஆபத்து என்று தோன்றும்போது என்ன செய்ய வேண்டும்?

தாமிரபரணிக்கரை:
கணவர் கூட்டத்தில் உட்கார்ந்தால் எதிர்த்தரப்புக்கு அது ஆயுதம். போட்டோ எடுத்து மனு போடுவார்கள். உறுப்பினர் அல்லாதவர் கூட்டத்தில் பேசக் கூடாது, கோப்பில் குறிப்பு எழுதக் கூடாது. வீட்டில் ஆயிரம் ஆலோசனை சொல்லட்டும், அலுவலகப் படிக்கட்டோடு நின்றுவிட வேண்டும். கையேட்டில் இதைக் குடும்பத்தாரே படிக்கும்படி ஒரு தனிப் பக்கமாகப் போடுங்கள்.

கொடியேற்றுவதைப் பொறுத்தவரை ஆகஸ்ட் 14 இரவு வரை காத்திருக்காதீர்கள். 2020-ல் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியல் சாதிப் பெண் தலைவரால் சுதந்திர தினத்தில் கொடியேற்ற முடியவில்லை, ஐந்து நாள் கழித்து ஆட்சியர் வந்துதான் ஏற்ற முடிந்தது. 2022-ல் தலைமைச் செயலாளரே எல்லா ஆட்சியர்களுக்கும் இது பற்றி எழுத வேண்டியிருந்தது. ஜூலை கடைசியிலேயே ஆட்சியருக்கும் கண்காணிப்பாளருக்கும் கடிதம் போய்விட வேண்டும்.

உயிர் ஆபத்து விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது. மதுரை வில்லாபுரத்தில் குடிதண்ணீருக்காகப் போராடிய கவுன்சிலர் லீலாவதியை 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். தாழையூத்து ஊராட்சித் தலைவர் கிருஷ்ணவேணியை 2011 ஜூனில் வெட்டினார்கள். அவர் முன்பே பாதுகாப்புக் கேட்டிருந்தவர். உயிர் பிழைத்தார். தண்டனைத் தீர்ப்பு வந்தது 2024-ல். இரண்டு இடத்திலும் பிரச்சினை தண்ணீர், கழிப்பறை போன்ற மிகச் சாதாரண ஊர் வேலைகளைச் சுற்றித்தான் இருந்தது. எந்த வேலையில் யாருடைய வருமானமோ ஆக்கிரமிப்போ அடிபடுகிறது என்று பாருங்கள், மிரட்டல் அங்கிருந்துதான் வரும். பாதுகாப்பு மனுவில் அதை நேராக எழுதுங்கள்: இன்ன சர்வே எண்ணில் இன்ன வேலை, அதற்குப் பிறகு இன்ன தேதியில் இன்னாரின் மிரட்டல். ஒவ்வொரு புது மிரட்டலுக்கும் புது மனு, பழைய மனுவின் எண்ணைக் குறிப்பிட்டு.

கணக்கு நோட்டு:
ஒன்று விட்டுப்போயிற்று. இத்தனை நகலையும் ஊராட்சி அலுவலக பீரோவில் வைத்துவிடாதீர்கள், சாவி யாரிடம் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு செட் வீட்டில், ஒரு செட் ஊருக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம். போட்டோக்களை அன்றன்றைக்கே அவருக்கு மெயிலில் அனுப்பிவிட்டால் தேதியும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும்.