எல்.என்.பி. ‘ஸ்க்யூ’வுக்குத் தமிழ்ச்சொல்: கோட்டமா, திருகலா, ஒருக்களிப்பா?

தண்டையார்பேட்டை, கையேட்டுக் குழு:

அன்புள்ள குழுவினருக்கு,

டிஷ் பொருத்தும் பயிற்சிக்கான தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தூர்தர்ஷனின் கட்டணமில்லாச் சேவையான டி.டி. ஃப்ரீ டிஷ் பகுதியில் ஒரே ஒரு சொல் முடிவாகாமல் நிற்கிறது. பொருத்துபவர் சரிசெய்ய வேண்டியவை மூன்று. டிஷ்ஷின் தட்டை இடவலமாகத் திருப்புவது திசைக்கோணம். மேலும் கீழுமாக நகர்த்துவது ஏற்றக்கோணம். பள்ளிக் கணக்குப் பாடத்தில் உள்ள சொல்தான். மூன்றாவது, தட்டு அசையாமல், அதன் முன்னால் நீட்டி நிற்கும் அலைவாங்கியான எல்.என்.பி.யை மட்டும் அதன் பிடிக்குள் சுற்றி வைப்பது. மூலத்தில் ‘ஸ்க்யூ’ என்றிருக்கிறது. ‘சாய்வு’ என்று எழுதினால் மாணவர்கள் தட்டையே சாய்த்துவிடுவார்கள்.

கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோளுக்கு வடசென்னையிலிருந்து திசைக்கோணம் 134, அதாவது ஏறக்குறைய நேர் தென்கிழக்கு. ஏற்றக்கோணம் 68. மூன்றாவது கோணம் 45-ஐ ஒட்டி வருகிறது. சொல் தாருங்கள்.

இராயபுரம், தமிழாசிரியர்:

புதிதாக ஆக்க வேண்டியதில்லை, கோட்டம் இருக்கிறது. கோடுதல் என்றால் நேர்நிலையிலிருந்து வளைதல், சாய்தல். ‘சொற்கோட்டம் இல்லது செப்பம்’ என்றார் வள்ளுவர். நேராக நிற்க வேண்டியது நேர் தவறி நிற்கும் அளவு கோட்டம். ‘தளக்கோட்டம் 45 பாகை’ என்று எழுதுங்கள். கோணம் என்ற ஒட்டுகூட வேண்டாம்.

திருவொற்றியூர், டிஷ் பொருத்துநர்:

ஐயா, குறளை மறுக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் இந்தப் பக்கம் கோட்டம் என்றால் மின்வாரியக் கோட்டம், ரயில்வே கோட்டம். ‘கோட்டத்தைச் சரிபார்’ என்று படிப்பவருக்கு மொட்டைமாடியில் என்ன செய்வதென்று தெரியாது. வேலை செய்பவர்கள் சொல்வது ஒன்றே ஒன்று: ‘எல்.என்.பி.யைக் கொஞ்சம் திருகு.’ ஆகவே திருகல்.

சொல் எதுவானாலும் வரிசை மாறாமல் எழுதுங்கள். முதலில் கம்பம் செங்குத்தாக நிற்க வேண்டும். கம்பம் சாய்ந்தால் மூன்று அளவுகளும் சேர்ந்து கெடும். செட்டாப் பெட்டியில் எல்.என்.பி. அலைவெண் 9750, சேனல் அலைவெண் 11090, அலைத்தளம் செங்குத்து, குறியீட்டு வீதம் 29500. சேனல் அலைவெண்ணிலிருந்து எல்.என்.பி. அலைவெண்ணைக் கழித்ததுதான் கேபிளில் இறங்கும். 9750-க்குப் பதில் 10600 மட்டும் என்று விட்டால் அப்படி இறங்குவதாகப் பெட்டி கணக்கிடுவது 490 மெகாஹெர்ட்ஸ். பெட்டி வாங்குவது 950 முதல் 2150 வரைதான். தட்டை எத்தனை திருப்பினாலும் படம் வராது. 9750 வைத்தால் 1340, நடுவில் வந்து உட்காரும்.

பிறகு திசை, ஏற்றம், கடைசியில் திருகல். டிவி திரையில் பெட்டி காட்டும் இரண்டு பட்டைகளில் பார்க்க வேண்டியது தரப் பட்டையை. வலிமைப் பட்டை, எல்.என்.பி.க்கு மின்சாரம் போனாலே ஏறிவிடும்; அதை நம்பிப் பலர் போல்ட்டை இறுக்கிவிடுகிறார்கள். ஐந்தைந்து பாகையாகத் திருகி, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று விநாடி காத்திருக்க வேண்டும். பட்டை தாமதமாகத்தான் காட்டும்.

வியாசர்பாடி, இயற்பியல் ஆசிரியர்:

‘தளக்கோட்டம்’ என்பதில் தளம் என்ற பாதி சரி. பாடநூலில் ஒளியலை ஒரே தளத்தில் அதிரும் பண்புக்குத் தளவிளைவு என்றே பெயர். செயற்கைக்கோளிலிருந்து வரும் ‘செங்குத்து’ அலை பூமியின் அச்சுக்கு இணையானது, நம் மாடிக்குச் செங்குத்தானதல்ல. கோள் நமக்கு நேர் தெற்கில் இல்லாததால் அந்தத் தளம் நம் கண்ணுக்குச் சாய்ந்து தெரிகிறது. வடிவியல் கணக்குப்படி தில்லியில் 27 பாகை, சென்னையில் 44.5, கன்னியாகுமரியில் 63-ஐ நெருங்கும். தெற்கே போகப் போகக் கூடும். வடக்கே அச்சான கையேட்டு எண்ணை அப்படியே போடக் கூடாது. கோளே அலையைச் சற்றுத் திருப்பி அனுப்பினால் அதையும் சேர்க்க வேண்டும். எனவே இந்த எண் தொடக்க நிலை மட்டும். முடிவு செய்வது தரப் பட்டை.

45 பாகை பிசகினால் வேண்டிய அலையின் ஆற்றலில் பாதிதான் கிடைக்கும். அதே அலைவெண்ணில் கிடைத்தளத்தில் ஏதாவது ஓடினால் அதில் பாதியும் உள்ளே நுழையும். எதிர்ப்பக்கம் 45 திருகிவிட்டால் பிசகு 90-ஐத் தொடும், வேண்டிய அலை அடியோடு போய்விடும். சொல்லைவிட எந்தப் பக்கம் என்பதே எனக்குக் கவலை.

‘திரிபு’ என்று யாராவது சொல்லுமுன் சொல்லிவிடுகிறேன்: அது பாடநூலில் வேறொன்றுக்குப் போய்விட்டது, தகைவு–திரிபு. ‘முறுக்கம்’ ஒரு முனையைப் பிடித்து மறுமுனையைத் திருகுவது. எல்.என்.பி. முழுவதும் சுற்றுகிறது, அதில் முறுக்கு இல்லை.

பெரம்பூர், அகராதித் தொகுப்பாளர்:

ஒருக்களிப்பு. ஒருக்களித்துப் படுப்பது எந்தக் குழந்தைக்கும் தெரியும். திருகல் ஒரு செயல். நமக்கு வேண்டியது செயல் முடிந்தபின் நிற்கும் நிலையின் பெயர். ‘ஒருக்களிப்பு 45 பாகை’ என்றால் பொருள் நிற்கிறது. ‘திருகல் 45 பாகை’ என்றால், இருக்கும் இடத்திலிருந்து இன்னும் 45 திருகவா?

இராயபுரம், தமிழாசிரியர்:

நல்ல கேள்வி. ஆனால் திருகின் வேரை விடக்கூடாது. திரி, திரிகை, திருகை, திருகு, திரும்பு எல்லாம் ஒரு குடும்பம். விளக்குத்திரி முறுக்கிய பஞ்சு. நன்னூலார் விகாரம் மூன்றில் திரிதலை வைத்ததும் ஓர் எழுத்து இன்னொன்றாகத் திரும்புவதால். காசிமேட்டில் இறங்கும் திருக்கை மீனும் வாலைத் திருகி அடிப்பதால் பெற்ற பெயர் என்பது என் துணிபு.

பெரம்பூர், அகராதித் தொகுப்பாளர்:

திருக்கைக்குச் சான்று இல்லை, ஐயா. ஒலி ஒத்திருப்பது வேராகாது. வால் அடிக்கும் மீன்கள் வேறும் உண்டு.

திருவொற்றியூர், டிஷ் பொருத்துநர்:

சென்னைத் தொலைக்காட்சி 1975-இல் வந்தபின் மாடிதோறும் நின்ற கம்பி ஆன்டெனாவை ‘திருப்பு’ என்றுதான் சொன்னார்கள், ‘திருகு’ என்றல்ல. கம்பத்தோடு திசை மாறினால் திருப்பல். ஒரு பொருள் நின்ற இடத்திலேயே தன்னைச் சுற்றினால் திருகல். திசைக்கோணத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பேச்சுத்தமிழ் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. ஒருக்களிப்பு அழகான சொல்தான், ஆனால் அதில் அந்தப் பிரிவு தெரியவில்லை. தட்டையும் ஒருக்களிக்கலாமே.

இன்னொன்று: எதிர்வீடு உயரம் என்று சந்துவீட்டுக்காரர்கள் டிஷ் வேண்டாம் என்கிறார்கள். ஏற்றம் 68 பாகை. தட்டைவிட 10 அடி உயர்ந்த சுவர் தென்கிழக்கில் 4 அடிக்குள் இருந்தால்தான் மறைக்கும். தட்டின் முகம் அவ்வளவு மேலே பார்ப்பதுபோல் தெரியாது; எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே தள்ளி நிற்கும் ஆஃப்செட் தட்டு என்பதால் ஏறக்குறைய 25 பாகை குறைத்தே நிற்கும். இதையும் கையேட்டில் சேருங்கள். எண்ணூர் வரை கடற்காற்று, கேபிள் முனையிலுள்ள எஃப் கனெக்டர் சீக்கிரம் பச்சை பூக்கும். அதன்மேல் ரப்பர் டேப் சுற்றி, கேபிளைக் கீழே ஒரு வளைவு விட்டு மேலேற்ற வேண்டும், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

வியாசர்பாடி, இயற்பியல் ஆசிரியர்:

பெரம்பூராரின் ஐயத்துக்குத் திருகுகோணம் விடையாகுமா? கோணம் நிலையைச் சொல்கிறது, திருகு எந்த அசைவால் வந்தது என்பதைச் சொல்கிறது. அளவு தொடங்குவது எல்.என்.பி. கழுத்திலுள்ள 0 கோட்டிலிருந்து என்று ஒரு வரி போட்டால் ‘இன்னும் 45-ஆ’ என்ற குழப்பமும் தீரும்.

இராயபுரம், தமிழாசிரியர்:

அப்படியானால் வினைத்தொகை. திருகிய, திருகுகின்ற, திருகும் கோணம் என முக்காலமும் விரியும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ‘திருகுக்கோணம்’ என்று அச்சாகிவிடக் கூடாது. இது சொல்லுக்கு ஒப்புதல் இல்லை, இலக்கணத்துக்கு மட்டும்.

பெரம்பூர், அகராதித் தொகுப்பாளர்:

திருகு என்றாலே ஆணியை நினைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ‘திருகுகோணம் தளர்ந்துள்ளதா பார்’ என்று எழுதினால் பிடியின் திருகாணியைத்தான் பார்ப்பார்கள்.

தண்டையார்பேட்டை, கையேட்டுக் குழு:

நேரமில்லை. மூவர் திருகுகோணம், ஒருவர் ஒருக்களிப்பு, ஒருவர் கோட்டம். ஒற்று மிகாமல் திருகுகோணம் என்றே போடுகிறோம். முதல்முறை வரும் இடத்தில் ‘எல்.என்.பி.யைப் பிடிக்குள் திருகி வைக்கும் அளவு’ என்ற விளக்கமும், அடுத்து ‘ஸ்க்யூ’ என்றும் இருக்கும். ஆணிக்குக் கையேடு முழுவதும் ஸ்க்ரூ என்றே எழுதுகிறோம்.

இராயபுரம், தமிழாசிரியர்:

ஆணிக்கு ஆங்கிலம், கோணத்துக்குத் தமிழ் என்ற இந்தப் பங்கீட்டை நான் ஏற்கவில்லை. திருகாணி நம் தங்கக் கம்மலில் உள்ள சொல். அடுத்த பதிப்புக்குக் கோட்டத்தை மீண்டும் முன்வைப்பேன்.

திருவொற்றியூர், டிஷ் பொருத்துநர்:

படத்துக்கு அடியில் இதைச் சேருங்கள்: தட்டின் பின்னால் நின்று வானைப் பார்த்தபடி, இடஞ்சுழியாக. அங்கிருந்து பார்க்க, எல்.என்.பி.யின் கேபிள் வாய் 6 மணி நிலையிலிருந்து நாலரைக்கு வர வேண்டும். முன்னால் நின்று பார்த்தால் அது ஏழரையாகத் தெரியும். எங்கே நிற்பது என்று எழுதாமல் எண்ணை மட்டும் போடாதீர்கள்.