மறு: சிம்பதெடிக், பாராசிம்பதெடிக் – ‘எதிர்ப்பரிவு’ வேண்டாமே

அன்புள்ள குழுவினருக்கு,

இதயம், குடல் போன்ற உள்ளுறுப்புகளை நாம் நினைக்காமலே இயக்கும் நரம்புகளின் இரு பிரிவுகள் சிம்பதெடிக், பாராசிம்பதெடிக். அவற்றுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் பேச்சில் வந்த யோசனை இது, முதலாவதற்கு முடுக்கு, இரண்டாவதற்குத் தணிப்பு:

> முடுக்கு நரம்பு, தணிப்பு நரம்பு என்று வைத்தால் போதுமே, குழந்தைக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். இதயத்தோடு நிறுத்திக்கொண்டால் இந்த ஜோடி கச்சிதம்தான். இதயத்தின் சொந்தத் தாளம் நிமிடத்துக்கு 100 பக்கம், பாராசிம்பதெடிக்கின் முக்கிய நரம்பான வேகஸ் அதை ஓயாமல் பிடித்து வைத்திருப்பதால்தான் சும்மா உட்கார்ந்திருக்கும்போது 70 போல இருக்கிறது. அப்புறம் குடலுக்கு இறங்கினால் கதை தலைகீழ். அதே வேகஸ் இரைப்பையை அசைய வைக்கிறது, அமிலம் சுரக்க வைக்கிறது. சிம்பதெடிக் அதை அடக்குகிறது. ‘தணிப்பு நரம்பு செரிமானத்தை முடுக்குகிறது’ என்று எழுதிவிட்டு எந்த ஆசிரியர் வகுப்பில் சமாளிப்பார்?

பள்ளிப் புத்தகத்தில் சிம்பதெடிக்குக்குப் பரிவு, பாராசிம்பதெடிக்குக்கு எதிர்ப்பரிவு என்று இருக்கிறதே, அதற்கு வருகிறேன். ‘பரிவு’ வந்த வழி தெரிந்ததுதான். நரம்புகள் வழியாக ஓர் உறுப்பின் துன்பத்தில் இன்னோர் உறுப்பு பங்கு கொள்கிறது என்ற பழைய எண்ணத்தில் 1732-ல் உடற்கூறியல் அறிஞர் வின்ஸ்லோ வைத்த பெயரின் நேர் தமிழாக்கம். அந்த எண்ணம் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. தெருநாய் துரத்தும்போது நெஞ்சு படபடப்பதற்குப் பரிவு என்று பெயர் சொன்னால் மாணவன் சிரிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனாலும் எனக்குப் பெரிய சண்டை ‘எதிர்’ என்ற முன்னொட்டோடுதான். உடலியங்கியல் அறிஞர் லாங்லி 1905-ல் பாராசிம்பதெடிக் என்று பெயரிட்டபோது ‘பாரா’வுக்குப் பக்கத்தில் என்றுதான் பொருள், எதிரே என்று இல்லை. சிம்பதெடிக் இழைகள் தண்டுவடத்தின் நடுப்பகுதியிலிருந்து, அதாவது முதல் மார்புத் துண்டத்திலிருந்து இரண்டாம் இடுப்புத் துண்டம் வரை, கிளம்புகின்றன. பாராசிம்பதெடிக் இழைகள் அதற்கு மேலும் கீழும்: மூளைத்தண்டிலிருந்து 3, 7, 9, 10-ஆம் கபால நரம்புகள் வழியாக, கீழே இடுப்புக்கும் கீழே உள்ள திரிகப் பகுதியின் 2 முதல் 4 வரையிலான துண்டங்களிலிருந்து. இது இடத்தைச் சொல்லும் பெயர், நாம்தான் பகையாக்கிவிட்டோம்.

அந்த ஒரு முன்னொட்டு எவ்வளவு தவறாகச் சொல்லிக்கொடுக்கிறது பாருங்கள். உமிழ்நீரை இரண்டுமே சுரக்க வைக்கின்றன, பாராசிம்பதெடிக் நிறைய நீர்த்தும் சிம்பதெடிக் கொஞ்சமாகக் கெட்டியாகவும். வியர்வைச் சுரப்பிகளுக்கும் மயிர் சிலிர்க்க வைக்கும் தசைகளுக்கும் பெரும்பாலான இரத்தக் குழாய்களுக்கும் சிம்பதெடிக் மட்டுமே போகிறது, அங்கே எதிர்க்க ஆளே இல்லை. ஆண்களுக்கு விறைப்பு பாராசிம்பதெடிக்கின் வேலை, விந்து வெளியேற்றம் சிம்பதெடிக்கின் வேலை; இரண்டும் முறை போட்டுச் செய்தால்தான் காரியம் நடக்கும். கண்மணியில்கூட, சுருக்கும் தசை வேறு, விரிக்கும் தசை வேறு, ஒவ்வொன்றுக்கும் தனி நரம்பு.

நரம்பு முனைகள் செய்தி கடத்த வெளிவிடும் வேதிப்பொருளை வைத்துப் பெயரிடலாம் என்ற யோசனையும் நிற்காது. முடிச்சுக்கு (கேங்லியான், வழியில் நரம்புச் செல்கள் திரண்டிருக்கும் இடம்) முந்தைய இழைகள் இரண்டு பிரிவிலும் அசிட்டைல்கோலினைத்தான் விடுகின்றன. முடிச்சுக்குப் பிறகு சிம்பதெடிக் பெரும்பாலும் நார்அட்ரினலினுக்கு மாறுகிறது, சரி, ஆனால் வியர்வைச் சுரப்பிக்குப் போகும் இழை சிம்பதெடிக்காக இருந்துகொண்டே அசிட்டைல்கோலினை விடுகிறது. மருந்தியல் அறிஞர் லோயி 1921-ல் தவளை இதயத்தை வைத்து வேகஸிலிருந்து வேதிப்பொருள் வருவதைக் காட்டியது பெரிய விஷயம்தான், அதற்காகப் பெயரை அதன்மேல் கட்ட முடியாது.

என் முன்மொழிவு: சிம்பதெடிக்குக்கு ஆயத்த நரம்புகள், பாராசிம்பதெடிக்குக்குப் பேணல் நரம்புகள்.

உடலை ஒரு வேலைக்குத் தயார் செய்வது முதலாவது. துடிப்பைக் கூட்டும், மூச்சுக்குழாயை விரிக்கும், கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே எடுக்கும், அந்த நேரத்துக்கு அவசரமில்லாத செரிமானத்தை ஓரங்கட்டும். ஓடுவதோ சண்டை போடுவதோ மட்டுமில்லை, படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும்போது தலை சுற்றாமல் இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதும் இதே நரம்புகள்தான், அதுவும் ஆயத்தமே. சாப்பிட்டதைச் செரிக்க வைப்பது, சிறுநீர்ப்பையைக் காலி செய்வது, இதயத்தை ஓய்வு வேகத்தில் வைப்பது எல்லாம் பேணல். கூட்டுகிறதா குறைக்கிறதா என்ற கேள்வியே இந்தப் பெயர்களில் இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது.

மற்ற சொற்களோடு ஒட்டியும் பார்த்தேன். முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் முடிச்சுத் தொடர் ‘ஆயத்த முடிச்சுத் தொடர்’, துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகையறா ‘ஆயத்தத் தடுப்பு மருந்து’, அட்ரோபின் ‘பேணல் தடுப்பு மருந்து’. பூச்சிமருந்து குடித்து வருபவருக்கு எச்சில் வழிவதும் கண்மணி சுருங்குவதும் துடிப்பு தளர்வதும் பேணல் நரம்புகள் நிறுத்தாமல் தூண்டப்படுவதால், ஆகவே அட்ரோபின் என்று செவிலியர் மாணவிக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

ஆயத்தம் வடசொல் என்று சிலர் வருவீர்கள். இருக்கட்டும், யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளையும் சொல்கிற சொல். பேணல் தமிழ்தான், பாதி மதிப்பெண்ணாவது கொடுங்கள்.

குடலுக்குள்ளேயே இருக்கும் நரம்பு வலையை லாங்லி மூன்றாவது பிரிவாக வைத்தார், வேகஸை வெட்டினாலும் அது தன்பாட்டுக்கு வேலை செய்யும். அதற்குக் ‘குடல் நரம்பமைப்பு’ போதும், புதிதாக ஒன்றும் தேட வேண்டாம். கேங்லியானுக்கு முடிச்சு என்று நான் எழுதியதற்குப் பதில் திரள் பொருந்தும் என்று மருத்துவ நண்பர்கள் சொன்னால், பட்டியலில் ஏற்றிவிடலாம்.