அடிஸ் அபாபாவாசிகளே, இஞ்சிரா மாவுக்கு ஒரு வழி சொல்லுங்கள்

வணக்கம். வேலைக்காக இங்கே வந்ததிலிருந்து எனக்குச் சைவச் சாப்பாட்டுக்குக் குறையே இல்லை. புதன், வெள்ளி ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு விரதம். இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. அன்று கடையில் ‘பெயாய்நெத்து’ கேட்டால், தட்டு நிறைய இஞ்சிராவை (புளித்த மாவில் சுடும், தோசை மாதிரியான அப்பம்) விரித்து அதன்மேல் காரமான மசூர் பருப்பு, ஷிரோ என்ற கொண்டைக்கடலை மாவுக் குழம்பு, கீரை என்று குவித்துத் தருவார்கள். ஷிரோ ஊறிய அடிப்பகுதிக்குத்தான் எங்கள் வீட்டில் சண்டையே.

இப்போது வீட்டிலேயே இஞ்சிரா சுட ஆசை. டெஃப் என்ற சிறுதானிய மாவு நன்றாகவே புளிக்கிறது. ஆனால் ஊற்றினால் மேலே கண் கண்ணாகத் துளை விழ மாட்டேன் என்கிறது, ஆப்பச்சட்டியில் ஒட்டிய அடை மாதிரி வருகிறது. புளித்த மாவில் கொஞ்சம் எடுத்துக் கொதிக்கும் நீரில் கூழாகக் காய்ச்சி, திரும்பக் கலக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டம்மா. ‘அப்சித்’ என்கிறார்கள். அவருக்கு எல்லாமே கைக்கணக்கு, என் அம்ஹாரிக்கோ அரைகுறை.

ஒரு கிலோ மாவுக்கு அப்சித் எவ்வளவு? கலந்தபின் எவ்வளவு நேரம் விட வேண்டும்? அப்புறம், மெர்காத்தோ சந்தையில் மின்சார மிதாத் (இஞ்சிரா சுடும் கல்) வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குவது? அடுத்த மாதம் அம்மா வருகிறார், அதற்குள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.