வாடகை வீடும் தேருநர் இடாப்பும்: கொழும்பில் நான் பட்ட அனுபவம்

கொழும்பில் வாடகை வீடு தேடிய அனுபவங்களை இங்கு எனக்கு முன்னர் எழுதியவர்கள் தரகர் கூலியைப் பற்றியும், ஓராண்டு ஈராண்டு வாடகையை முற்பணமாகக் கேட்பதைப் பற்றியும் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். அவை எல்லாம் எனக்கும் நேர்ந்தவைதான். ஆனால் சிறு பிள்ளைகளோடு கொழும்பில் வீடு தேடுகின்ற குடும்பங்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறொன்று. முற்பணத்தைக் கையில் கொடுப்பதற்கு முன், "எங்கள் பெயர்களை இந்த முகவரியில் தேருநர் இடாப்பில் பதிவதற்குச் சம்மதிப்பீர்களா?" என்று வீட்டுச் சொந்தக்காரரிடம் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். தேருநர் இடாப்பு என்பது வாக்காளர் பட்டியல். நான் கேட்கவில்லை. அதனால் என் மகளுக்கு நேர்ந்ததையே இங்கு எழுதுகிறேன்.

நான் பருத்தித்துறையிலிருந்து வேலைக்காகக் கொழும்புக்கு வந்தது 2008 ஆம் ஆண்டின் தொடக்கத்தில். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி போரினால் மூடப்பட்டிருந்த காலம் அது. பலாலியில் விமானம் ஏறி இரத்மலானையில் இறங்கினேன். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலிருந்த ஓர் ஒழுங்கையில், உறவினர் ஒருவர் சொல்லிவைத்திருந்த அனெக்ஸ் அறை கிடைத்தது. வீட்டுக்கார ஐயா வாடகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னரே பொலிஸ் பதிவைப் பற்றித்தான் பேசினார். 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 300 க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பேருந்துகளில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியதும், மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவின் மூலம் அதைத் தடுத்ததும் நடந்து அப்போது ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. அவர் என்னைத் தாமே பொலிஸ் நிலையத்துக்கு அழைத்துச் சென்று, வீட்டாரின் பட்டியலில் என் பெயரையும் சேர்ப்பித்து, அதன் நிழற்பிரதியை நான்காக மடித்துத் தந்தார். "தம்பி, இந்தத் துண்டு எந்த நேரமும் பொக்கற்றிலை இருக்க வேணும்" என்றார். சட்டை மாற்றும்போதெல்லாம் அந்தத் துண்டையும் மாற்றி வைத்து, மடிப்புகள் கிழிந்து, ஒட்டுத்தாள் போட்டு ஒட்டி வைத்திருந்தேன். பதிவு என்ற சொல்லை அப்படி ஒரு அச்சத்தோடுதான் நான் கற்றுக்கொண்டேன். பெயர் எங்கும் எழுதப்படாமல் இருப்பதே பாதுகாப்பு என்ற எண்ணம் எனக்குள் ஊறிப்போனதும் அந்தக் காலத்தில்தான். பின்னாளில் நான் செய்த தவறுக்கு அந்த எண்ணமும் ஒரு காரணம்.

2013 இல் திருமணமானதும் பாமன்கடையில் ஒரு வீட்டின் மேல்மாடிக்குக் குடிபோனோம். கீழே வீட்டுக்கார அன்ரி தனியாக இருந்தார். அவரைப் போல ஒரு நல்ல மனிதரைக் காண்பது அரிது. என் மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது படியேறி வரவேண்டாம் என்று சொல்லி, மதியச் சாப்பாட்டைத் தாமே மேலே கொண்டுவந்து தந்தவர். ஆனால் ஆண்டுதோறும் தேருநர் பதிவுப் படிவம் வரும்போது மட்டும் அவருடைய முகம் மாறிவிடும். ஒருமுறை அந்தப் படிவத்தை அவர் சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தபோது நான் வாடகை கொடுக்கப் போயிருந்தேன். முதல் வரியில் தம் பெயரை எழுதினார். அதற்குக் கீழே இருந்த வெற்று வரிகள் அனைத்தின் மீதும் அடிமட்டம் வைத்து ஒரு கோடு இழுத்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "குறை நினைக்காதேங்கோ தம்பி, பெயர் ஏறினால் வீடு போயிடும் எண்டு அப்பா சொல்லிப்போட்டுத்தான் செத்தவர்" என்றார்.

அந்தப் பயத்துக்கு வேர் இருந்தது. அவருடைய தகப்பனாருக்குக் கொட்டாஞ்சேனையில் இரண்டு வீடுகள் இருந்தனவாம். 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகையைக் கட்டுப்படுத்தியதோடு, குடியிருப்பவரை எழுப்புவதையும் மிகவும் கடினமாக்கியது. அடுத்த ஆண்டே வந்த வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கைக்கு எல்லை விதித்து, மிகுதி வீடுகளை அவற்றில் குடியிருந்தவர்களே வாங்குவதற்கு வழி திறந்தது. வீடில்லாத பலருக்கு அந்தச் சட்டங்கள் வாழ்வு தந்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டை இழந்த குடும்பங்களில் அந்த நினைவு பிள்ளைகளுக்கும் இறங்கியிருக்கிறது. தேருநர் இடாப்பில் பெயர் இருப்பதால் யாருக்கும் வீட்டின் மீது உடைமை வந்துவிடாது. ஒருவர் வழமையாக எங்கே வசிக்கிறார் என்பதையே அது காட்டுகிறது. இதை நான் அன்ரிக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும், தேவைப்பட்டால் இடாப்புப் பதிவைப் பார்க்கும் அரச அலுவலரான கிராம உத்தியோகத்தரையும் கூட்டிச் சென்று பேசியிருக்க வேண்டும். அவருடைய மனம் நோகுமே என்று வாய்மூடி இருந்துவிட்டேன். ஊரில் எங்கள் பெயர்கள் இருக்கின்றன, வாக்களிக்க அங்கே போகலாம், அதுவே போதும் என்றும் நினைத்தேன்.

மின்சாரமும் இதே கதைதான். மேல்மாடிக்குத் தனி இணைப்பு இல்லை. கீழ்வீட்டு இணைப்பிலிருந்து ஒரு சப் மீட்டர் போட்டிருந்தார்கள். மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் அமைந்திருப்பதால், இரண்டு குடும்பங்களின் அலகுகள் ஒரே மீட்டரில் சேரும்போது, தனித்தனியாக இருந்தால் யாருமே தொடாத உயர்ந்த படிக்கு மின்கட்டணப் பட்டியல் போய்விடும். 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தபோது இந்தச் சுமை தெளிவாகத் தெரிந்தது. அதைவிடப் பெரிய குறை, எங்கள் பெயருக்கு ஒரு பட்டியல்கூட வந்ததில்லை என்பது. வங்கியில் வதிவிடச் சான்று கேட்டால் கொடுப்பதற்கு என்னிடம் ஒரு கடதாசியும் இருக்கவில்லை.

மகளைத் தரம் 1 இல் சேர்க்க 2020 இல் விண்ணப்பித்தோம். கொழும்பு இந்துக் கல்லூரி, இராமநாதன் இந்து மகளிர் கல்லூரி, சைவ மங்கையர் வித்தியாலயம் போன்றவை பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் இருப்பதால்தான் தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பகுதியில் வாடகை எவ்வளவு ஏறினாலும் நெருக்கிக்கொண்டு இருக்கின்றன. ஆனால் வதிவிடத்துக்கான புள்ளிகளைக் கணக்கிடும்போது, பெற்றோரின் பெயர்கள் முந்திய 5 ஆண்டுகளின் தேருநர் இடாப்புகளில் அந்த முகவரியில் இருக்கின்றனவா என்றும் பார்த்தார்கள். ஏழு ஆண்டுகள் பாமன்கடையில் வாழ்ந்திருந்தோம். இடாப்பின்படி நாங்கள் அந்த ஆண்டுகள் முழுவதும் பருத்தித்துறையில் இருந்தோம். நேர்முகத்தில் என்னிடம் குத்தகை உறுதியைக் கேட்டார்கள். உறுதிகளை எழுதிச் சான்றளிக்கும் நொத்தாரிசு இல்லாமல், அன்ரியும் நானும் மட்டும் முத்திரை ஒட்டிக் கையெழுத்திட்ட இரண்டு பக்கத் தாளை நீட்டினேன். எதிரே இருந்தவர் அதை வாசித்துவிட்டு, கடுமை எதுவும் இல்லாமல், திருப்பி என் பக்கமாக மெல்ல நகர்த்தி வைத்தார். மகளுக்கு இடம் கிடைக்கவில்லை. இன்று அவள் வெகுதூரத்திலுள்ள ஒரு பாடசாலைக்கு விடியற்காலையில் வான் வண்டியில் போய்வருகிறாள். ஒழுங்கையில் அவளோடு விளையாடிய பிள்ளைகள் நடந்தே போகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

2022 இல் மகன் பிறந்த பின்னர், இம்முறை தவறக்கூடாது என்ற உறுதியோடு வீடு தேடினோம். ஹம்டன் ஒழுங்கைப் பக்கம் ஒரு தொடர்மாடி வீடு மிகவும் பிடித்திருந்தது. சொந்தக்காரர் கனடாவில், காட்டியவர் அவருடைய மைத்துனர். சொந்தக்காரருக்காகக் கையெழுத்திடும் அதிகாரத்தைத் தரும் அற்றோணித் தத்துவம் இருக்கிறதா என்று கேட்டதும், "எங்களை நம்பாட்டி ஏன் வாறியள்?" என்று கோபித்தார். திரும்பி வந்துவிட்டோம். அப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை என்றே இப்போதும் நினைக்கிறேன்.

2023 இல் தெஹிவளையில் கிடைத்த வீட்டின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை. நான் இடாப்பைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, இங்கே குடியிருப்பவர்களின் பெயர் வேறு எங்கே இருக்கும் என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசின் முன் எழுதப்படாவிட்டால் சட்டத்தில் செல்லாது என்பது 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்திலிருந்தே இருந்துவரும் விதி. ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு நொத்தாரிசு மூலம் உறுதி எழுதி, காணிப் பதிவகத்திலும் பதிந்தோம். அத்தகைய உறுதி இருந்தால், குத்தகைக் காலம் முடிந்ததும் வீட்டை விரைவாக மீட்டுக்கொள்ள 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் சொந்தக்காரருக்கும் வழி செய்கிறது. தயங்குகின்ற வீட்டுக்காரர்களிடம் இதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

ஊர் இடாப்பிலிருந்து பெயர்களை நீக்கியபோது அப்பா தொலைபேசியில் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "இனி வோட்டுப் போடவும் வரமாட்டியள் போல" என்று மட்டும் சொன்னார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு இயலவில்லை.

திருத்திய இடாப்பைப் பார்வைக்கு வைத்த நாளில் மனைவியும் நானும் கிராம உத்தியோகத்தரின் அலுவலகத்துக்குப் போனோம். மனைவி மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, பட்டியலில் விரலை வைத்து வரிவரியாக இறங்கினாள். எங்கள் வீட்டு இலக்கத்துக்கு நேரே இரண்டு பெயர்களும் இருந்தன. அவளுடைய முதலெழுத்தில் மட்டும் ஒரு பிழை இருந்தது. அங்கேயே படிவம் வாங்கி, அன்றைக்கே திருத்தக் கொடுத்துவிட்டு வந்தோம்.